அழியட்டும் என்று கட்டவைத்த தேவாலயம்: ஷ்விட்னிட்சாவின் மரத்தச்சு, ஒரு நிகழ்வு ஆய்வு

போலந்தின் தென்மேற்கில், சைலீசியா என்ற பழைய நிலப்பகுதியில், ஷ்விட்னிட்சா என்றொரு நகரம் இருக்கிறது. 1656 ஆகஸ்ட் 23ஆம் தேதி அதன் மதிலுக்கு வெளியே ஒரு தேவாலயத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 24 அன்று அதற்குள் முதல் வழிபாடு நடந்தது. இடையில் பத்தே மாதம். கட்டடமோ 7500 பேர் கொள்ளக்கூடியது. 3000 பேர் உட்காரலாம், மற்றவர்கள் நிற்கலாம். மரச்சட்டம், களிமண், வைக்கோல், இவ்வளவுதான் சரக்கு.

அவசரம் கட்டியவர்களுடையது இல்லை. முப்பதாண்டுப் போர் 1648இல் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையோடு முடிந்தபோது சைலீசியா கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்த லூத்தரன் மக்கள், அதாவது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், தங்கள் தேவாலயங்களை இழந்துகொண்டிருந்தார்கள். ஸ்வீடன் நெருக்கியதால் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் இறங்கிவந்தார்: குவோகுஃப், யாவோர், ஷ்விட்னிட்சா ஆகிய மூன்று ஊர்களில் ஆளுக்கொரு தேவாலயம் கட்டிக்கொள்ளலாம். சமாதானத் தேவாலயங்கள் என்று அவற்றுக்குப் பெயர். கூடவே வந்த நிபந்தனைகளைப் படித்தால் மனமில்லாமல் கொடுத்த வரம் என்பது தெரிந்துவிடும். நகர மதிலுக்கு வெளியே, ஆனால் பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் கட்ட வேண்டும். கல்லும் செங்கல்லும் கூடாது. மணிக்கோபுரம் கூடாது. ஓராண்டுக்குள் வேலை முடிய வேண்டும்.

சீக்கிரம் அழியக்கூடிய பொருளில் கட்டினால் சீக்கிரம் அழியும் என்பது கணக்கு. குவோகுஃபில் அந்தக் கணக்கு பலித்தது. முதலில் எழுந்த கட்டடம் 1654இல் புயலில் சரிந்தது. திரும்பக் கட்டியது 1758இல் தீயில் போனது. மற்ற இரண்டும் இன்றைக்கும் நிற்கின்றன. 2001இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவில் மரச்சட்டத்தில் எழுந்த வழிபாட்டுக் கட்டடங்களில் இவைதாம் மிகப் பெரியவை.

உள்ளே நுழைபவர்களின் கண் வேறெங்கோ போய்விடும். 1690களில் தீட்டிய கூரை ஓவியம், 18ஆம் நூற்றாண்டின் பொன்பூசிய பீடம், அடுக்கடுக்கான மாடங்கள், இவற்றைத்தான் எல்லாரும் படமெடுக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கட்டடம் ஏன் விழவில்லை என்ற கேள்விக்கு ஓவியத்தில் பதில் கிடைக்காது. ஓவியத்துக்குப் பின்னால், ஒரு மரம் இன்னொரு மரத்தைப் பிடித்திருக்கும் மூட்டில் கிடைக்கும். இந்த ஆய்வு அந்த மூட்டுகளைப் பற்றியது.

எலும்பும் சதையும்

வடிவமைத்தவர் ஆல்பிரெக்ட் ஃபான் சேபிஷ், பிரெஸ்லாவ் நகரத்துக் கோட்டைப் பொறியாளர். இன்று அந்த நகரத்தின் பெயர் விரோட்ஸ்வாஃப். கோட்டை கட்டத் தெரிந்தவரிடம் கோட்டைக்கு நேரெதிரான ஒன்றைக் கட்டச் சொன்னார்கள். வேலையை எடுத்து நடத்தியவர் காஸ்பர் கோனிக் என்ற ஷ்விட்னிட்சா தச்சர். தரைப்படம் சிலுவை வடிவம். நீளம் 44 மீட்டர், சிலுவைக் கைகளோடு சேர்த்து அகலம் 30.5 மீட்டர். ஓக் மரத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தது ஹோக்பெர்க் பிரபுக் குடும்பம். சுமார் 2000 மரங்கள் என்று சொல்லப்படுகிறது. 1698இல் அந்தக் குடும்பத்துக்கென்று உள்ளே தனி மாடம் கட்டிக்கொடுத்து நன்றிக்கடன் தீர்த்தார்கள். அந்த மாடத்தைப் பிறகு இன்னொரு காரணத்துக்காகப் பார்ப்போம்.

சுவர் கட்டிய முறைக்குப் போலந்து மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரச்சட்டத்தின் கட்டங்களைக் களிமண்ணால் அடைத்தால் 'ஷாஹுலெத்ஸ்'. செங்கல்லால் அடைத்தால் 'மூர் ப்ருஸ்கி', அதாவது பிரஷ்யச் சுவர். ஷ்விட்னிட்சாவில் இருப்பது முதல் வகை. நம் வீடுகளில் வரிச்சு கட்டி மண் அப்புவார்களே, ஏறக்குறைய அதே வேலைதான்: கட்டத்துக்குள் குச்சிகளைச் செருகி, வைக்கோல் கலந்த களிமண்ணைச் சுற்றி அடைத்து, மேலே பூச்சு.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மண் எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. அது சதை. பாரம் முழுக்க எலும்பின் மேல்: தரையோரம் ஓடும் அடிச்சட்டம், அதன் மேல் நிற்கும் தூண்கள், தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், மேலே உத்தரங்கள். இவ்வளவு மட்டும் இருந்தால் காற்று அடிக்கும்போது எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். நான்கு குச்சியில் செய்த சதுரத்தைத் தள்ளிப் பார்த்தால் தெரியும். அதனால்தான் மூலைவிட்டமாகச் சாய்சட்டங்கள். சதுரம் முக்கோணமாகிவிட்டால் மூலை எதுவும் உடையாமல் அது நெளிய முடியாது. காற்று என்ற எதிரியை ஒரு கோட்டைப் பொறியாளர் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார், அதுவும் குவோகுஃபில் நடந்ததற்கு இரண்டே ஆண்டு கழித்து.

மரமும் மரமும் சேரும் இடத்தில் ஒன்றில் துளை, இன்னொன்றில் நாக்கு. நாக்கைத் துளைக்குள் இறக்கி, குறுக்கே துளைத்து, ஓக் முளை அடிப்பார்கள். மரச்சட்டத் தச்சில் பழைய உத்தி ஒன்று உண்டு: நாக்கில் போடும் துளையை, வெளிமரத்தின் துளைக்கு நேராகப் போடாமல் ஒரு நூல் உள்ளே தள்ளிப் போடுவது. முளையை அடிக்கும்போது அது வளைந்து நுழையும். நுழைந்து நாக்கை உள்பக்கம் இழுத்து இறுக்கும். மூட்டை இறுக்கும் சக்தி அந்த ஒரு நூல் விலகலில் இருக்கிறது. பிற்காலத்தில் பழுதுபார்க்கிறேன் என்று வந்த யாராவது 'துளை சரியாக அமையவில்லை' என்று நேராக்கிவிட்டால் காரியம் கெட்டது.

இந்த மாதிரிக் கட்டடங்கள் எல்லாவற்றையும் பற்றி ஒரு கதை உண்டு, 'ஒரு இரும்பாணிகூட இல்லாமல் கட்டியது' என்று. சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பிடித்த வரி. முக்கிய மூட்டுகள் மரமுளையில் நிற்கின்றன என்பது சரி. அதைத் தாண்டி, இதைப் பெருமையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பச்சை ஓக் மரத்தில் உள்ள புளிப்பான டானின் இரும்பை அரிக்கும், இரும்பைச் சுற்றி மரமும் கறுத்துக் கெடும். தச்சர் மரமுளையைத் தேர்ந்தது வீம்புக்காக இல்லை, அதுதான் அந்த மரத்தோடு ஒத்துப்போகும் என்பதால்.

மரத்தில் எழுதி வைத்தது

பழைய மரச்சட்டத்தை ஆராய்கிறவர் முதலில் தேடுவது தச்சர் போட்ட அடையாளக் குறிகளை. காரணம் வேலை நடந்த முறையில் இருக்கிறது. சுவரையும் கூரைச் சட்டத்தையும் நேராக மேலே கட்டவில்லை. தரையில் படுக்கவைத்து, ஒவ்வொரு மரத்தையும் அதன் ஜோடியோடு பொருத்தி, அளந்து, வெட்டி, சரிபார்த்து, அப்புறம் பிரித்து, கட்டுமிடத்தில் திரும்ப நிறுத்துவார்கள். கோடாலியால் செதுக்கிய மரம் ஒன்றைப்போல ஒன்று இருக்காது. ஆகவே ஒவ்வொரு நாக்கும் ஒரே ஒரு துளைக்குத்தான் பொருந்தும். ஏழாவது சட்டத்தின் இடப்பக்கக் கால் எட்டாவதுக்குப் போனால் நுழையாது. எனவே உளியால் எண் வெட்டினார்கள்.

ரோமன் எண்கள்தாம், நேர்க்கோடுகளை உளியால் வெட்டுவது சுலபம் என்பதால். ஆனால் பள்ளிக்கூடத்து ரோமன் எண் இல்லை. நான்கு என்பதற்கு ஐந்துக்கு முன் ஒரு கோடு போடாமல் நான்கு கோடும் வெட்டினார்கள். ஒன்பதுக்கும் அப்படியே, ஐந்தின் குறியும் நான்கு கோடும். தலைகீழாகக் கிடக்கும் மரத்தில் நான்கையும் ஆறையும் மாற்றிப் படித்துவிட்டால் ஒரு நாள் வேலை வீண். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபாடு காட்டக் கோட்டின் நுனியில் ஒரு சின்னக் கொடி, அல்லது முக்கோண வெட்டு.

இந்த எண்கள் ஆராய்ச்சிக்கு என்ன தரும்? வரிசை ஒழுங்காகப் போனால் கூரை ஒரே சமயத்தில் கட்டியது, பிறகு கலைக்கப்படவில்லை. ஏழுக்கு அடுத்து மூன்று வந்தால் யாரோ பிரித்துக் கட்டியிருக்கிறார்கள், அல்லது அந்த மரம் வேறொரு கட்டடத்திலிருந்து வந்திருக்கிறது. எதையும் பிடிக்காத வெற்றுத் துளை ஒன்று தெரிந்தால் அதுவும் ஒரு செய்தி: இங்கே ஒரு சாய்சட்டம் இருந்தது, இப்போது இல்லை. அதை எடுத்தது யார், எடுத்த பிறகு அந்தப் பாரம் எங்கே போனது என்று அடுத்த கேள்வி தொடங்கும்.

மரத்தின் முகத்தில் கருவிகளின் தடமும் இருக்கும். முதலில் கோடாலியால் குறுக்கே வெட்டுவாய்கள் போட்டு, பிறகு அகலக் கோடாலியால் செதுக்கித் தட்டையாக்கியது ஒரு வகைத் தடம். ரம்பத்தில் அறுத்தது இன்னொரு வகை. நூலடித்த கோடு சில இடங்களில் இன்னும் தெரியும். சில உத்தரங்களில் எதற்கும் உதவாத உருண்டைத் துளையும் அதில் உடைந்த முளையும் இருக்கும். அது தெப்பத்தின் அடையாளம்: மரம் ஆற்றில் மிதந்து வந்திருக்கிறது. போலந்தின் ஆறுகளில் தெப்பம் ஓட்டுவது பெரிய தொழிலாக இருந்தது. 2022இல் போலந்து உள்ளிட்ட ஆறு நாடுகளின் மரத்தெப்பக் கலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

காலத்தைச் சொல்வது மரவளையம். பென்சில் கனத்துக்கு ஒரு துளையிட்டு எடுத்த மாதிரியில் வளையங்களின் அகலத்தை அளந்து, அந்தப் பகுதிக்கென்று ஏற்கெனவே தொகுத்து வைத்திருக்கும் வரிசையோடு பொருத்துவார்கள். பட்டைக்கு அடுத்த கடைசி வளையம் மிஞ்சியிருந்தால் மரம் வெட்டிய ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும், பருவம்கூடத் தெரியும். அன்றைய தச்சர்கள் மரத்தைப் பச்சையாகவே பயன்படுத்தினார்கள் என்பதால் வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் பெரும்பாலும் ஒட்டியே வரும். கடைசி வளையம் செதுக்கலில் போய்விட்டிருந்தால் சிக்கல். வைரம் பாய்ந்த உள்மரத்தைச் சுற்றியுள்ள வெள்ளை மரத்தில் எத்தனை வளையம் இருந்திருக்கும் என்று மதிப்பிட வேண்டும். போலந்து ஓக்குக்கு அது பெரும்பாலும் 9 முதல் 24 வரை. ஆகவே 'இந்த ஆண்டு' என்று சொல்வதற்குப் பதில் 'இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்குள்' என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இதில் ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. பழைய நெதர்லாந்து ஓவியர்கள் ஓக் பலகையில் வரைந்தார்கள். அந்தப் பலகைகளின் வளைய வரிசை மேற்கு ஐரோப்பாவின் எந்தக் காட்டோடும் சரியாகப் பொருந்தாமல் ஆராய்ச்சியாளர்களை வெகுகாலம் அலைக்கழித்தது. 1980களில் போலந்தின் க்தான்ஸ்க் பகுதிக்கு ஓக் வரிசை தயாரானதும் பூட்டு திறந்தது: மரம் பால்டிக் கரையிலிருந்து கப்பலில் போயிருக்கிறது. அந்த வரிசையைத் தொகுத்ததில் தோமாஷ் வாஷ்னி என்ற போலந்து ஆய்வாளருக்குப் பெரும் பங்கு. அருங்காட்சியகத்து ஓவியத்தின் காலம் தெரிய வேண்டுமானால் போலந்துக் கூரைகளில் ஏற வேண்டியிருந்தது.

படிப்பதற்கு இன்னொரு தடை, பெயர்கள். சைலீசியாவில் ஜெர்மன் தச்சர்கள், மற்ற இடங்களில் போலந்துத் தச்சர்கள். நூற்றாண்டுகளாகச் சொற்கள் கலந்துவிட்டன. சுவர் மேல் கிடக்கும் சட்டத்துக்குப் போலந்தில் 'முர்வாதா', குறுக்குச் சட்டத்துக்கு 'ரிகியெல்'. இரண்டும் ஜெர்மனிலிருந்து வந்தவை. கூரையைத் தாங்கும் ஒருவகைச் சட்டத்துக்குப் 'படுத்த நாற்காலி' என்று பெயர், அதுவும் ஜெர்மன் சொல்லின் வழித்தோன்றல். செங்குத்தாக நிற்க வேண்டிய கால்களைக் கூரைச் சரிவோடு சாய்த்து வைப்பதால் 'படுத்த'. நடுவில் பரண் இடம் காலியாகக் கிடைக்கும். ஊருக்கு ஊர் ஒரே பொருளுக்கு வேறு பெயர், ஒரே பெயருக்கு வேறு பொருள். இரண்டு அறிக்கைகளை ஒப்பிடவே முடியாத நிலை. தோருன் நகரத்து நிக்கோலஸ் கோப்பர்நிக்கஸ் பல்கலைக்கழகத்தின் யான் தாய்ஹ்மான் 2005இல், 14 முதல் 20ஆம் நூற்றாண்டு வரையிலான போலந்துக் கூரைச் சட்டங்களுக்கு ஒரு வகைப்பாட்டையும் கலைச்சொல் ஒழுங்கையும் முன்மொழிந்தார். அகராதி வேலைதானே என்று தோன்றும். பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தில் எந்த மரத்தை மாற்றச் சொல்கிறோம் என்பதே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

கிழக்கே வேறொரு குடும்பம்

ஒப்பிட்டால்தான் ஷ்விட்னிட்சாவின் தச்சு தெளிவாகும் என்பதால் சற்றுக் கிழக்கே போய்வரலாம். தென்போலந்தின் மாவோபோல்ஸ்கா பகுதியில் 2003இல் யுனெஸ்கோ சேர்த்த ஆறு மரத் தேவாலயங்கள் உள்ளன: பினாரோவா, பிலிஸ்னே, தெம்ப்னோ, ஹாச்சுஃப், லிப்னிட்சா முரோவானா, சென்கோவா. இவற்றில் தூணும் சட்டமும் இல்லை. மரங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலையில் கோர்த்த சுவர்கள். அந்த மூலைக் கோர்வைகளில் ஒன்றை நம் பாடப்புத்தகம் புறாவால் மூட்டு என்கிறது. போலந்துக்காரர்களுக்கு அது தகைவிலான் குருவியின் வால்.

அங்கே தச்சர்கள் ஒரு வடிவியல் புதிரை அவிழ்த்திருக்கிறார்கள். மக்கள் அமரும் கூடம் அகலம். பீடம் இருக்கும் பகுதி குறுகல். இரண்டுக்கும் மேலே ஒரே உயரத்தில், ஒரே சரிவில், முறிவில்லாத ஒற்றைக் கூரை வேண்டும். குறுகிய பகுதியின் மேல்வரிசை மரங்களை அப்படியே நீட்டிக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கூரைக்கு அந்த நீட்டிய மரங்கள் ஆதாரம். அவற்றுக்கும் கூடத்தின் வெளிச்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பெட்டிபோல் அடைத்தார்கள். போலந்துச் சொல்லிலும் பெட்டிதான் ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் சுவரோரம் கூரை படியிறங்கியிருப்பது தெரியும். என்னைக் கேட்டால் இந்தத் தேவாலயங்களின் மிக அழகான விஷயம் இதுதான், ஓவியங்களைவிட.

இரண்டு குடும்பங்களும் முதுமை அடையும் விதமும் வேறு. மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது, குறுக்கே நன்றாகச் சுருங்கும். அடுக்குச் சுவரில் எல்லா மரமும் படுத்திருப்பதால் சுவர் முழுவதும் உயரத்தில் இறங்கும். ஷ்விட்னிட்சா வகையில் தூண்கள் நிற்கின்றன, உயரம் மாறாது. ஆனால் மூட்டுகளில் நாக்கு மெலிந்து ஆட்டம் காணும். அடுக்குச் சுவர் இன்னொன்றும் செய்யும், மிதக்கும். 1997 ஜூலை வெள்ளத்தில் லிப்னிட்சாவின் புனித லெனார்ட் தேவாலயம் நீரோடு போய்விடாமல் மரங்களோடு கட்டிவைத்துக் காப்பாற்றினார்கள். களிமண் அடைத்த கட்டடத்துக்கு அந்த ஆபத்து இல்லை. அதன் ஆபத்து மெதுவாக, கீழிருந்து வரும்.

கெடுவது எங்கே

தண்ணீர்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருவது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை பிடிக்காது. தாண்டினால் பிடிக்கும், பூஞ்சை இளக்கிய ஓக்கில் வண்டு முட்டையிடும், சில பத்தாண்டுகளில் வெளியே முகம் நன்றாக, உள்ளே உளுத்துப்போன கட்டை. மரச்சட்டக் கட்டடத்தில் முதல் பலி அடிச்சட்டம். அது தரையோரம் படுத்திருக்கிறது, மழைத்துளி தெறித்து மேலே வருகிறது, சுற்றிலும் மண்மட்டம் காலப்போக்கில் உயர்கிறது. அடுத்து, அடிச்சட்டத்தில் இறங்கியிருக்கும் தூணின் கால். அங்கே துளை ஒரு கிண்ணம்போலத் தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

20ஆம் நூற்றாண்டு இதற்குச் சிமெண்டைக் கொண்டுவந்தது. களிமண் ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்டுப் பூச்சு அப்படி மூச்சுவிடாது. மரத்துக்கும் பூச்சுக்கும் நடுவே விரியும் மயிரிழைப் பிளவில் மழை உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. நல்லெண்ணத்தோடு கெட்டியாகப் பூசிய சுவருக்குப் பின்னால்தான் மரம் மோசமாகக் கெட்டிருக்கும். இது இந்த ஒரு கட்டடத்தின் கதை மட்டும் இல்லை, ஐரோப்பா முழுவதும் மரச்சட்ட வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த பாடம்.

இரண்டாவது காரணம் பாரம். 1657இன் சட்டத்துக்குக் கணக்கிட்ட எடை ஒன்று. அதற்குப் பிறகு பெரிய ஆர்கன் வந்தது, மாடங்கள் கூடின, சுற்றிலும் சிறு கூடங்கள் ஒட்டிக்கொண்டன, மேலே சொன்ன ஹோக்பெர்க் மாடம் நுழைவாயிலுக்கு மேல் வந்தது. ஒவ்வொன்றும் அழகு, ஒவ்வொன்றும் எடை. 1707க்குப் பிறகு அரசியல் இளகி, 1708இல் மணிக்கோபுரத்துக்கும் அனுமதி கிடைத்தது. நல்லவேளையாக அதைத் தேவாலயத்தின் தோளில் ஏற்றாமல் தனியாக எழுப்பினார்கள். இப்படி நாளுக்கு நாள் பாரம் கூடிய சட்டம் உடனே உடையாது. மெல்லச் சாயும், வளையும். சாய்வையும் வளைவையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வரைபடமாக்கினால் எந்த மூட்டு கைவிட்டது என்று அந்தப் படமே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது காரணம் ஆள் இல்லாமை. 1945க்குப் பிறகு சைலீசியா போலந்துக்கு வந்தது. ஜெர்மன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 7500 பேருக்கு எழுப்பிய கட்டடம் ஒரு சின்ன லூத்தரன் சபையின் கையில் தங்கியது. கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால் பார்த்து ஏறிச் சரிசெய்ய ஆள் வேண்டும். மரக்கட்டடத்துக்கு அந்தச் சின்னக் கவனிப்புத்தான் உயிர்.

கை வைத்தது எப்படி

1989 நவம்பர் 12 அன்று, ஷ்விட்னிட்சாவுக்குப் பக்கத்திலேயே உள்ள க்ஷிஷோவா கிராமத்தில், போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் (சான்சலர்) ஹெல்முட் கோலும் சமாதான வழிபாட்டில் கலந்துகொண்டார்கள். அந்தக் காலத்தின் இளக்கம் இந்தக் கட்டடத்துக்கும் வந்து சேர்ந்தது. 1990களில் தோருன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புத் துறையினரும் ஜெர்மனியின் ஃபுல்டாவிலிருந்த கைவினை மற்றும் நினைவுச்சின்னப் பாதுகாப்பு மையத்தினரும் சேர்ந்து இரண்டு சமாதானத் தேவாலயங்களிலும் ஆய்வும் பழுதுபார்ப்பும் தொடங்கினார்கள். இரண்டு நாட்டுக் கைவினைஞர்களும் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்தார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது வரிசை: முதலில் அளந்தார்கள், வரைந்தார்கள், மூட்டு மூட்டாகப் பதிவு செய்தார்கள், அப்புறம்தான் உளியை எடுத்தார்கள்.

இந்த வகை வேலையில் பெரும் சச்சரவு எப்போதும் ஒன்றுதான்: எவ்வளவு வெட்டி எறிவது? ஒரு தூணின் கால் அரை மீட்டர் உளுத்திருக்கிறது, மேலே நான்கு மீட்டர் வைரக்கட்டை. முழுத்தூணையும் மாற்றுவது ஒப்பந்தக்காரருக்கு எளிது, கணக்கும் சுத்தம். ஆனால் அந்த நான்கு மீட்டரில்தான் 1656இன் உளிக்குறியும், நூல் தள்ளிய துளையும், கோடாலித் தடமும், காலம் சொல்லும் வளையங்களும் இருக்கின்றன. எனவே கெட்ட பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, புது ஓக்கைச் சாய்வெட்டு மூட்டில் கோர்த்து முளையடிப்பதுதான் நல்ல தச்சரின் வழி. ஒட்டுக்கால் வைப்பது என்று சொல்லலாம். மேலே பாரம் இறங்கிக்கொண்டிருக்க, ஜாக்கி கொடுத்துத் தூக்கிப் பிடித்து, இருட்டு மூலையில் படுத்துக்கொண்டு மில்லிமீட்டர் பிசகாமல் வெட்ட வேண்டிய வேலை அது.

இன்னொரு பக்கம், ஏன் இத்தனை பாடு, இரும்புத்தகடு வைத்து முடுக்கிவிடலாம், எபாக்சி என்ற செயற்கைப் பிசினை ஊற்றலாம் என்பவர்களும் உண்டு. அவர்களை மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. ஓவியம் தீட்டிய உத்தரத்தின் முனை உளுத்திருந்தால் மரத்தை வெட்டுவது ஓவியத்தை வெட்டுவது. அங்கே மறைவான இரும்புதான் குறைந்த தீங்கு. ஆனால் வழக்கமான மூட்டில் இரும்பு வைத்தால் அந்த இடம் விறைத்துப்போகும். பழைய சட்டம் காற்றில் எல்லா மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒரு மூட்டு மட்டும் அசைய மறுத்தால் பக்கத்து மூட்டு அந்தப் பங்கையும் வாங்கும். எபாக்சிக்கு இன்னொரு குறை: ஈரத்தை அடைத்துவைக்கும், திரும்ப எடுக்கவும் முடியாது.

உலக அளவில் இதற்கு வழிகாட்டியாக இருப்பது நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமாஸ் 1999இல் ஏற்ற கோட்பாடுகள். மாற்ற வேண்டியிருந்தால் அதே இன மரம், முடிந்தவரை அதே கருவி, அதே தொழில்முறை. இரும்பையும் எபாக்சியையும் மிகுந்த எச்சரிக்கையோடு மட்டும். 2017 டிசம்பரில் இந்தக் கோட்பாடுகளைத் திருத்தி விரிவாக்கியது எங்கே என்றால், புது டெல்லியில் கூடிய இக்கோமாஸ் பொதுப்பேரவையில். நம் பக்கத்துக் கோயில் கதவுக்கும் ஷ்விட்னிட்சா தூணுக்கும் இப்போது ஒரே வழிகாட்டி.

களிமண் அடைப்பைப் பொறுத்தவரை முடிவு எளிதாக இருந்திருக்க வேண்டும், சதைதானே என்று. அப்படியும் இல்லை. 17ஆம் நூற்றாண்டு வைக்கோலும் குச்சியும் களிமண்ணுக்குள் அப்படியே பதிந்திருக்கின்றன. அன்றைக்கு வயலில் என்ன விளைந்தது என்பதுவரை அதில் தேடலாம். ஆகவே நன்றாக இருக்கும் கட்டத்தைத் தொடாமல், விழுந்த கட்டத்தை மட்டும் பழைய முறையில் மண் குழைத்து அடைப்பதே நல்லது. மண் குழைப்பதில் என்ன பெரிய கலை என்று நினைக்கலாம். வைக்கோல் குறைந்தால் காய்ந்து வெடிக்கும், கூடினால் உதிரும்.

இன்னும் முடியாதவை

தீ பற்றிய பயம் தீராது. போலந்தில் சமீப காலத்திலேயே பழைய மரத் தேவாலயங்கள் எரிந்திருக்கின்றன. கிராக்குஃபின் வோலா யுஸ்தோவ்ஸ்கா பகுதியில் இருந்த தேவாலயம் 1978இல் எரிந்தது. திரும்பக் கட்டியதும் 2002இல் எரிந்தது. கோமாஞ்சாவின் கிழக்குத் திருச்சபை ஆலயம் 2006இல் சாம்பலாகி, பிறகு பழைய வடிவில் திரும்ப எழுந்தது. இப்படி எழுப்பியதைப் பழையது என்று சொல்லலாமா என்பது முடிவில்லாத வாதம். எனக்குத் தோன்றுவது: அளந்து வரைந்து மூட்டுகளைப் பதிவு செய்த கட்டடத்தைத்தான் அந்த அளவுக்காவது திரும்ப எழுப்ப முடியும். பதிவு இல்லாமல் எரிந்தால் மிஞ்சுவது புகைப்படத்தில் உள்ள வெளித்தோற்றம் மட்டுமே.

மரமும் ஒரு பிரச்சினை. 1656இல் கிடைத்த மாதிரி நீளமும் நேரும் உள்ள ஓக் இப்போது எளிதில் கிடைக்காது. 1999 கோட்பாடுகளிலேயே, வருங்காலப் பழுதுபார்ப்புக்கென்று காடுகளை ஒதுக்கி வளர்க்கச் சொல்லும் ஒரு பகுதி உண்டு. அப்படி இன்றைக்கு நட்ட ஓக் உத்தரமாகும்போது நட்டவர் இருக்க மாட்டார்.

அதே கோட்பாடுகளில் இன்னொரு சின்ன விதி இருக்கிறது. புதிதாகச் சேர்த்த மரத்தில் ஓர் அடையாளம் இட வேண்டும். செதுக்கலாம், சூடு போடலாம், கண்ணை உறுத்தாத இடத்தில். பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நூறு ஆண்டு கழித்து ஏணி வைத்து ஏறி, கையில் விளக்கோடு தூணின் காலைத் தடவிப் பார்க்கும் ஒருவருக்கு, இது காஸ்பர் கோனிக் காலத்து மரமா, பிற்பாடு வந்தவர் கோர்த்ததா என்று விரலிலேயே தெரிய வேண்டும்.